டொக்டர் அம்மா சொன்ன பொய்

நெடுங்கேணிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது சேதி வந்தது. வவுனியாவில் டொக்டர் அம்மா காலமாகிவிட்டார். கத்தரிக்காயை வாங்கி, வீட்டில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அழவில்லை. அவரும் எனக்காக அழுதவரல்லர்.

அவரிடம் மருந்தெடுத்த உங்களுக்குத் தெரியும், அவர் வாயில் இனிப்பு இராது. என் மனைவிக்குப் புற்றுநோய் என்பதை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"அவவுக்கு ஏன் சொன்னனீங்கள்?" என்று பாய்ந்தேன்.

"வருத்தம் வந்தது அவவின்ரை உடம்பிலை. உங்களிட்டை ஏன் முதல் சொல்லவேணும்?"

அந்தக் கோபத்திலும் அவரை நம்பினேன். பொய் சொல்லத் தெரியாத மனுசி என்று.

என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானபோது குடும்பத்தைக் கூட்டி முடிவெடுத்தவன் நான். அவனுடைய மூத்த மகன் உழவு இயந்திரம் ஓட்டி எல்லோருக்கும் சோறு போடுகிறவன். இளையவனுக்குக் கைக்குழந்தை. மகள் வளர்மதி கலியாணமாகாதவள், அவள் ஒன்றைக் கொடுக்கட்டும் என்றேன். அவள் குசினியில் அடுப்பருகே நின்று எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த முடிவு சரியென்றே இன்றும் சொல்வேன்.

பரிசோதனைகள் முடிந்தபின் டொக்டர் அம்மா அவளைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். பிறகு வெளியே வந்து, "பொருந்தேல்லை" என்றார்.

"பிள்ளையின்ரை அநேகமாப் பொருந்தும் எண்டு புத்தகத்திலை வாசிச்சனான்."

"அப்ப புத்தகத்தையே தம்பிக்குப் பொருத்துங்கோ."

மாரி தொடங்கமுன் தம்பி செத்தான். கடைசியில் அழுத மகளின் தலையைத் தடவி, "நீ என்ன செய்வாய் பிள்ளை, குடுக்கத்தானே நிண்டனீ" என்று தேற்றினான்.

டொக்டர் அம்மாவின் செத்தவீட்டில் வளர்மதி என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"பெரியப்பா, அண்டைக்குப் பொருந்தினது."

கதிரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"நான்தான் மாட்டன் எண்டனான். வீட்டிலை தெரிஞ்சால் என்னை இருக்கவிடமாட்டியள் எண்டுதான் அவா அப்பிடிச் சொன்னவா."

"பெத்த தேப்பனுக்கு ஏனடி மாட்டன் எண்டனீ?"

"அவா ஒராள்தான் என்னைக் கேட்டவா. கேட்டால்தானே மறுமொழி சொல்லலாம்."

"இதை நான் எழுதுவன்."

"எழுதுங்கோ. இனி ஆர் அவாவை ஏசப்போறியள்?"

எழுதிவிட்டேன். ஊருக்கெல்லாம் உண்மை சொன்னவர் எனக்குச் சொன்னது ஒரு பொய். அதை மன்னிக்கமாட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். அந்தப் பொய்யை நினைத்தால் தம்பியின் பாடை தெரிகிறது. அதைத் திட்ட வாயெடுத்தால், குசினிக்குள் தேத்தண்ணியோடு நின்ற பிள்ளையும் தெரிகிறாள்.