பன்னிரண்டடிச் சமையலறை

சுவர் எழுப்புவது சுலபம்; எழுப்பச் சொன்னவரைச் சமாளிப்பதுதான் மேஸ்திரி வேலை. வீடு கட்டி அவதிப்பட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சோமனூரில் ஒரு பஞ்சு மில்காரர் வீட்டுக்கு நான் மேஸ்திரி. பிளான் தபாலில் வந்தது. பம்பாயில் படித்தவர் போட்டது என்றார்கள். அவருக்கு அதுதான் முதல் வீடு.

ஓரமா நில்லுங்க

அஸ்திவாரம் முடிந்து சுவர் இடுப்பளவு ஏறியபோது ஜட்காவில் ஒரு பெண் வந்து இறங்கினார். மில்காரரின் உறவு என்று நினைத்தேன். "ஏனுங்க அம்மணி, ஓரமா நில்லுங்க. கல்லு உழும்" என்றேன். அவர் என் தூக்குக்குண்டை வாங்கி, நான் கட்டிய மூலையில் தொங்கவிட்டார். பிளான் போட்டவரே அவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க சொன்னது சரிதானுங்க மேஸ்திரி. அரை அங்குலம் சாஞ்சிருக்குது. கல்லு உழத்தான் செய்யும்."

எழுதி வைத்த கடுதாசி

'பொம்பளை கட்டற ஊடா' என்று சந்தையில் மில்காரரைக் கேலி செய்திருக்கிறார்கள். மறுநாளே அவர் வந்து அம்மணி முன்னால் நின்றார்.

"கட்டின செவுத்துல ஒண்ணை இடிச்சாலும் மெட்ராஸ் இஞ்சினீருக்குத் தபால் போயிருமுங்க அம்மணி. வேலைய அவருக்கே குடுக்கறதாக் கடுதாசி எழுதியே வெச்சுட்டேன்."

என் கைவரிசை

பிளானில் சமையலறை பன்னிரண்டடி. மனையடி சாஸ்திரப்படி பன்னிரண்டு ஆகாது. அதை அம்மணியிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுவரை ஒரு அடி உள்ளே தள்ளிப் பதினொன்றாகக் கட்டிவிட்டேன்.

அம்மணி டேப் பிடித்தார். முகம் மாறியது. மாடிச் சுவர் இதன் மேல்தான் உட்கார வேண்டும். ஒரு அடி தள்ளினால் வெறும் தளத்தின் மேல் உட்காரும், விரிசல் விடும். சும்மா விட்டால் வேலை அம்மணி கையிலேயே நிற்கும். இடித்தால் கடுதாசி போய்விடும். மில்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்.

"இடிங்க மேஸ்திரி" என்றார்.

மில்காரர் காரணம் கேட்டார். "என்னோட வேலையிலே தப்பு" என்றார் அம்மணி. என் பெயரைச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நாந்தானுங்க செஞ்சுபோட்டேன். பன்னெண்டு ஆகாதுன்னு" என்றேன். மில்காரருக்கும் பன்னிரண்டு என்றதும் பகீர் என்றது.

அம்மணி சாக்கட்டி எடுத்துத் தரையில் கோடு போட்டார். சுவர் பிளான்படி வரும். அதை ஒட்டி உள்ளே ஒரு அடி ஆழத்துக்குப் பாத்திர அலமாரி. நடக்கிற இடம் பதினொன்று. மில்காரர் டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தார். இரண்டு தரம் அளந்தார்.

"கடுதாசியக் கிழிச்சுப்போடறேன். எம்பட மில்லுக்கும் நீங்களே வரைஞ்சு குடுங்க அம்மணி."

மில்லுக்கும் நானே மேஸ்திரி. நாற்பது வருஷம் சுவர் எழுப்பியவனுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மிஞ்சியது அன்று இடித்த ஒரு சுவர்தான்.