விரலால் போட்ட கையெழுத்து

பையிலிருந்து டேப்லெட்டை எடுப்பதற்கு முன்னால் பிரேமலதா அக்கா சாப்பாட்டு டப்பாவைத்தான் எடுப்பார். மேசையோ தரையோ, அதை வைத்து, வழுக்காமல் இருக்க முன்னால் கைக்குட்டையை நாலாக மடித்துப் போட்டு, டப்பாவின்மேல் டேப்லெட்டைச் சாய்ப்பார். கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் டப்பாவை அரை அங்குலம் திருப்புவார். அப்புறம்தான் குட்டி கீபோர்டு வெளியே வரும். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கழுவித் துடைத்த டப்பா மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும்.

சங்கரன்கோவிலில் கணேசன் அண்ணாச்சியின் அச்சகத்தில் அக்கா கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்தார். நான் அங்கே பிழை திருத்துகிறவன். பழைய லேப்டாப் உடைந்தபோது அக்கா இன்னொரு லேப்டாப் வாங்கவில்லை, டேப்லெட் வாங்கினார். "சிலேட்டை வச்சிக்கிட்டு என்ன வேலை பாக்கப் போற?" என்று அண்ணாச்சி சிரித்தார். அக்காவின் வீடு குருவிகுளத்தில். ஆறாவது படிக்கும் மகள் சாயங்காலம் தனியாக இருப்பாள். டேப்லெட் என்றால் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், கல்யாண வீட்டிலேயே வேலையை முடித்து மெயிலில் அனுப்பிவிட்டு, இருட்டுமுன் வீடு திரும்பலாம். அண்ணாச்சியிடம் இதையெல்லாம் அக்கா சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டார் எல்லாரையும் உட்காரவைத்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிப்பார். கடைசியில் வீட்டுப் பெரியவர் திரையிலேயே விரலால் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட மாறாது.

பனவடலிசத்திரத்தில் துரைப்பாண்டி வீட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். மகள் காவியாவுக்குக் கல்யாணம்.

"தாய்மாமன் பேரைப் பெருசாப் போடும்மா. எங்கண்ணன் மாரிராஜ். ரோட்டுல போறவனுக்கும் தெரியணும்" என்றார் காவியாவின் அம்மா பொன்மணி.

"அப்போ மாப்பிள்ளை பேரை எங்கன போடுவாங்க, கவர்லயா?" என்றாள் காவியா.

எல்லாரும் சிரித்தார்கள். துரைப்பாண்டி சிரிக்கவில்லை. கிணற்று மோட்டார் தகராறில் அவரும் மாரிராஜும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் சூடு பார்ப்பவர் போல விரலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அங்கே சிக்னல் கிடைக்கவில்லை, மறுநாள் அனுப்பிக்கொள்ளலாம் என்று அக்கா டேப்லெட்டைப் பையில் வைத்தார்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. பொன்மணி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு அதை வைத்து எடுத்துப் போனார். மாரிராஜ் நின்றுகொண்டே வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். தட்டைத் தங்கையிடமே திருப்பி நீட்டினார். அவர் பெயர் அதில் இல்லை. நானும் கவனிக்கவில்லை. எழுத்துப் பிழையைத் தேடினேனே தவிர, காணாமல் போன பெயரைத் தேடவில்லை.

அதே தட்டோடு பொன்மணி அச்சகத்துக்கு வந்தார்.

"வாசிச்சியேம்மா, என் காதால கேட்டேனே! எங்கண்ணன் பேரு எங்க போச்சு?"

அவருக்குப் பின்னால் துரைப்பாண்டி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"இந்த மனுஷன் எடுக்கச் சொன்னாரா? சொல்லு. அவரு சொல்லியிருந்தா இந்தத் தட்டை இங்கனயே வச்சிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். கல்யாணத்த அவரே நடத்திக்கிடட்டும்."

அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இல்லக்கா, என் தப்புதான். பஸ்ல வரும்போது திரையில கை பட்டிருக்கும். பாக்காம அனுப்பிட்டேன்."

"கேட்டுக்கிட்டியளா!" என்றார் கணேசன் அண்ணாச்சி. "லேப்டாப்புன்னா இப்படிக் கை பட்டு அழியுமா? நாளையில இருந்து கடைக் கம்ப்யூட்டர்ல உக்காரு. சிலேட்டு வேலை இங்க இனிமே கிடையாது."

"அஞ்சு மணிக்குப் போயிரலாமா அண்ணாச்சி?"

"கடை எட்டு மணி வரைக்கும்மா."

வேறு பத்திரிகை அடித்துக் கொடுத்தோம். மாரிராஜ் கல்யாணத்துக்கு வந்தார், மாலை எடுத்துக் கொடுத்தார். அக்கா பத்தொன்பது நாள் கடையில் உட்கார்ந்தார். இருபதாம் நாள் வரவில்லை.

இப்போது குருவிகுளம், இளையரசனேந்தல் பக்கம் சொந்தமாக ஆர்டர் எடுக்கிறார், அதே டேப்லெட்டில். சில ஊர்களில் அவருக்கு முன்னாலேயே கதை போய்விடுகிறது. "கை பட்டா பேரு போயிருமாமே?" என்று கேட்கிறார்களாம். நானும் அதை நம்பியவன்தான்.

கல்யாணம் முடிந்து ஏழு மாதம் கழித்து, காவியாவின் வளைகாப்புக்குப் பத்திரிகை அடிக்கத் துரைப்பாண்டி வந்தார். கடையில் நான் மட்டும் இருந்தேன். பிரேமலதா அக்கா எங்கே என்று கேட்டார். சொன்னேன். மாதிரி அட்டைகளை ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையில நாந்தான் தம்பி அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டு அந்தப் பேரை எடுக்கச் சொன்னேன். பொன்மணி அக்காவுக்குத் தெரியுமா, தெரியுமான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. அவதான் எடுக்கச் சொல்லுதா, உங்கிட்டச் சொல்லக் கூச்சப்படுதான்னு பொய் சொன்னேன்."