இரண்டு பெயர் எழுதிய போத்தல்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தல் இருக்கிறது. உள்ளே மஞ்சள் நிறத்தில் உலர்ந்த கட்டைத் துண்டுகள், பதினொன்று. ஒட்டிய தாளில் என் கையெழுத்தில் இரண்டு பெயர்கள்: மரமஞ்சள், வெனிவெல். கழுத்தில் ஒரு சாண் கயிறு.

கொட்டகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் உதவியாளராக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அங்கேதான் விட்டுச் செல்வார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டவர் ஆயாம்மா. முன்பு அவரும் வெயிலில் கொழுந்து பறித்தவர். ஐம்பதைத் தாண்டியதும் புறங்கைகளில் பழுப்புப் புள்ளிகள் படர்ந்தன. ஒருநாள், தலைப்பிள்ளை பெற்ற தாய் ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க ஆயாம்மா. கை சரியாகுற வரைக்கும் எம்புள்ளைய தூக்காதீங்க. ஒட்டிக்கிச்சுன்னா?" அன்று முதல் அந்தக் குழந்தையின் தொட்டிலில் கயிறு கட்டி, நான்கு அடி தள்ளி உட்கார்ந்தே ஆயாம்மா ஆட்டினார். குழந்தை அழுதால் தூக்குவதற்கு என்னைக் கூப்பிட்டார்.

புள்ளியைப் போக்க நான்தான் முன்னின்றேன். கொட்டகலை மருந்துக் கடையில் மரமஞ்சள் வாங்கினேன். தலவாக்கலையில் ஒரு சிங்களப் பெண் வெனிவெல்தான் நல்லது என்றாள், அதையும் வாங்கினேன். இரண்டையும் சம அளவாக இடித்து, எலுமிச்சைச் சாற்றில் குழைத்து, தினமும் காலையில் பூசச் சொன்னேன். பூசிய கையோடு அவர் வெயிலில் துணி காயப்போட்டார். ஒன்பதாம் நாள் கைகள் சிவந்து எரிந்தன என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. பிறகு புள்ளிகள் முன்னைவிடக் கறுத்தன.

நடந்ததைச் சொன்னதும் கொட்டகலைக் கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி! அவங்க பாஷையில வெனிவெல், நம்ம பாஷையில மரமஞ்சள். எலுமிச்சைய பூசிட்டு வெயில்லயா விட்டீங்க?"

ஆயாம்மா என்னைத் திட்டவில்லை. "ரெண்டு மருந்து கெடச்சிருச்சுன்னு எட்டு நாளு சந்தோசமா இருந்தேன்டி" என்று மட்டும் சொன்னார்.

எரிச்சல் தணிந்ததும் தோட்டத்து டாக்டரைக் கூட்டிவந்தேன். வெயிலாலும் வயதாலும் வந்த புள்ளி, யாருக்கும் ஒட்டாது என்று அவர் தாய்மார் முன்னிலையில் சொன்னார். மறுநாள் அந்தத் தாய் குழந்தையை நீட்டினாள். ஆயாம்மா உடனே வாங்கவில்லை. இரண்டு புறங்கைகளையும் அவள் முன்னால் விரித்தார். "நல்லா பாத்துக்க. அதே கைதான்." அவள் தலை குனிந்தாள். ஆயாம்மா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தக் கயித்த அவுத்துரு" என்றார் என்னிடம். அவிழ்த்த கயிற்றில் ஒரு சாண் மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன்.

ஆயாம்மா இப்போது இல்லை. என் இடது புறங்கையில் நான்கு புள்ளிகள் வந்திருக்கின்றன. வெனிவெல் சேர்த்த களிம்பு ஒன்றை மகள் வாங்கி வைத்திருக்கிறாள். இரவில் மட்டும் பூசுகிறேன். போத்தலை எடுத்தால் துண்டுகளை எண்ணிவிட்டு வைத்துவிடுவேன். கயிற்றை மட்டும் தொடுவதில்லை.