எண்ணெய் குடித்த கார்

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். பல விஷயம் மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் ஏர்வாடிக்குக் கிழக்கே, கடலோரம். எங்களில் கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளை வந்து போவார். என் மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். முதல் பிள்ளைக்கு வலி எடுத்து, பொழுது போயும் பிறக்காமல், மாட்டுவண்டியில் போட்டு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேருவதற்குள் பிள்ளை இல்லை. டாக்டரம்மா, "அடுத்ததுக்கு வலி கண்டவொடனே இங்கன கொண்டாந்துரணும். வண்டிமாட்ட நம்பி உக்காந்திராதீக" என்று சொல்லி அனுப்பினார்.

முன்கூட்டியே போய்த் தங்கலாம் என்றால் உம்மா சம்மதிக்கவில்லை. அங்கே எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. வலி காணாத பிள்ளைத்தாய்ச்சி அந்நிய வாசலில் படுக்கக் கூடாது என்பார். பஸ் அதுபாட்டுக்கு நினைத்த நேரத்துக்கு வரும்.

அதனால்தான் நான் இரண்டாவது உண்டாகியிருந்தபோது என் மாப்பிள்ளை காரோடு வந்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய கார். இரண்டே பேர் உட்காரலாம். ரேஸுக்கு ஓட்டுகிற ஜாதி என்றார். தாழ்வாக, மூக்கு நீண்டு, மேலே துணிக்கூரையோடு இருந்தது. கப்பலில் தனுஷ்கோடிக்கு வந்து, சரக்கு ரயிலில் மண்டபம் வந்து, அங்கிருந்து இவரே ஓட்டிவந்தார். வந்த அன்றைக்கே வலது கதவு கழன்று கையோடு வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது காலடிப் பலகை அமுங்கிற்று.

ராமநாதபுரத்திலிருந்து மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் இன்ஜினைக் கழற்றி மாட்டி ஓட வைத்துவிட்டார். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது என்னங்க, மேல தகரம், உள்ள பூரா மரச்சட்டம்! சட்டம் மக்கிப்போச்சு. இது என் வேலை இல்ல. ஆசாரியப் பாருங்க. காலடிப் பலகைக்குக் கீழ, கிளச்சு மேல உள்ள மூடிய தொறந்துதான் வச்சிருக்கேன். பலகை போட்டப்புறம் வந்து ஒருக்க முறுக்கிட்டுப் போறேன்."

எங்கள் ஊரில் மரவேலை என்றால் ஓடாவிதான். வள்ளம் கட்டுகிறவரை அப்படித்தான் சொல்வோம். நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடாவி வந்து காரைச் சுற்றி நடந்தார். குனிந்து அடியைப் பார்த்தார்.

"மொதலாளி, இதுவும் வள்ளந்தானே! சக்கரம் வச்ச வள்ளம்."

"வள்ளமோ தோணியோ, எம் பொஞ்சாதி ஆஸ்பத்திரி போய்ச் சேரணும் ஓடாவியாரே."

"சேந்துருவாக. எங் கைப்பட்ட மரம் தண்ணியிலேயே நிக்கும், தரையில நிக்காதா?"

நல்ல வேலைக்காரர். மக்கின சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் வைத்தார். பலகை போட்டார். கதவு பொருந்தி மூடிற்று. அந்தச் சமயம் இவர் பாஸ்போர்ட்டு காரியமாக மண்டபம் போயிருந்தார். வள்ளத்துக்குப் புதுப்பலகை போட்டால் மீன் எண்ணெய் கொடுக்காமல் கடலில் இறக்கமாட்டார்கள். எண்ணெய் குடிக்காத மரம் உளுத்துப்போகும். ஓடாவி அதே போலச் சுறா எண்ணெயைப் பானையில் கொண்டுவந்து உள்ளும் புறமும் ஊற்றினார். மரம் குடிக்கக் குடிக்க ஊற்றினார். கூலிக்குக்கூட அல்ல, சும்மாதான். பிள்ளைத்தாய்ச்சி போகிற வண்டி என்பதற்காக.

தெருவே நாறிற்று. பூனைகள் காரைச் சுற்றியே கிடந்தன. எதிர்வீட்டு மாமி சன்னல் வழியாகக் கேட்டார்:

"ஏம்மா, ஒம் மாப்பிள்ள கொழும்புலேந்து காரு கொண்டாந்தாரா, கருவாட்டுக் கூடை கொண்டாந்தாரா?"

உம்மாகூட அன்றைக்குச் சிரித்தார். மண்டபத்திலிருந்து வந்த இவர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார், ஓடிற்று. "நாத்தம் போயிரும் புள்ள. நீ போய்ச் சேந்தாப் போதும்" என்றார். மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் வருவதற்குள் எனக்கு வலி கண்டுவிட்டது.

மத்தியானம், லுஹர் தொழுகை முடிந்த நேரம். துணிக்கூரையை இழுத்து மூடி, பக்கத்தில் மறைப்புக்குத் துப்பட்டி கட்டி, என்னை ஏற்றினார்கள். காரில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. அதனால் உம்மா பின்னாலேயே மாட்டுவண்டியில் கிளம்பினார்.

நன்றாகத்தான் போயிற்று. பனைமரங்கள் ஓடின. பிறகு கார் சூடாக ஆக, இன்ஜின் சத்தம் மட்டும் ஏறிற்று, வண்டி மெதுவானது. இவர் இன்னும் மிதித்தார். சத்தம் அலறிற்று, வண்டி நகரவில்லை. புகையும் சுறா நாற்றமும் ஒன்றாக வந்தன. இறங்கித் தள்ளிப் பார்த்தார். சாலையில் வேறு யாரும் இல்லை.

"செத்த பொறுத்துக்க புள்ள. செத்த பொறுத்துக்க."

நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வழுவழு என்று இருந்தது. அதுதான் நன்றாக நினைவிருக்கிறது. கையெல்லாம் எண்ணெய்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. உம்மாவின் மாட்டுவண்டி எங்களை வந்து பிடித்துவிட்டது. உம்மா இறங்கி என்னைப் பார்த்துவிட்டு அவரிடம், "மாப்பிள்ள, அங்கிட்டுப் போங்க" என்றார். வண்டியில் ஏற்ற நேரமில்லை. காரிலேயே பிறந்தது. ஆண்பிள்ளை என்று உம்மா சொன்னார். சத்தம் வரவில்லை. நான் அழுததாக நினைவில்லை. காரின் துணிக்கூரையில் ஒரு ஒட்டு இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்தில் ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரர்கள் யார் என்ன என்று விசாரிக்காமல், பிள்ளையை அடக்க மையவாடியில் இடம் கொடுத்தார்கள். இவர் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வெறுங்கையோடு வந்தார். என்னை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பிழைத்துக்கொண்டேன்.

காரை மாடு கட்டி இழுத்துவந்தார்கள். மெக்கானிக் வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தார். "மூடி தொறந்திருந்துச்சுல்ல. மரத்துக்கு ஊத்துனது உள்ள எறங்கி கிளச்சு பிளேட்டு குடிச்சிருக்கு. பிளேட்டு எண்ணெய் குடிச்சா வழுக்கத்தான் செய்யும்" என்றார்.

ஓடாவியும் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "நான் மரத்துக்குத்தாம்மா ஊத்துனேன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "போய்ட்டு வாங்க ஓடாவியாரே" என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. எனக்கும் யார் மேலும் ஒன்றும் தோன்றவில்லை. சோறு வைத்தால் தின்றேன். தொழுதேன். படுத்தேன்.

இவர் கொழும்புக்குப் போய்விட்டார். கார் கொட்டகையில் கிடந்தது. கோழி அதில் முட்டை இட்டது. தகரம் உதிர்ந்துபோயிற்று, மரம் மட்டும் அப்படியே இருந்தது. பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், வீட்டிலேயே.

அந்தச் சிற்றூரின் பேர் எனக்குத் தெரியாது. இவரிடம் கேட்கக் கூச்சம். கேட்காமலே இருந்துவிட்டேன், அவரும் இறந்துபோய்விட்டார். ராமநாதபுரம் போகிற சாலையில் இடது கைப்பக்கம் என்று நினைக்கிறேன். வலதாகவும் இருக்கலாம். திருப்புல்லாணிக்கு முன்னாலா பின்னாலா என்பதும் நிச்சயமில்லை. சாலையிலிருந்து பார்த்தால் பள்ளிவாசலும் ஒரு புளியமரமும் தெரிந்தன. அந்தப் பக்கம் போகிற யாராவது அங்குள்ள பெரியவர்களிடம் விசாரித்து, நான் எழுதினது சரிதானா என்று பார்த்துச் சொன்னால் நல்லது. தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள்.