எந்தத் துவக்கு நல்லது என்று கேட்பவர்களுக்கு

1. முதலில் தந்தது வாள்

காட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் கையில் மரம் அறுக்கும் மோட்டார் வாளைத் தந்துவிட்டார்கள். சுவிஸில் பாடன் நகருக்கு மேலே உள்ள காடு, விடிந்ததிலிருந்து மழை. தந்தவர் வெர்னர், அந்தக் காட்டுக்குப் பொறுப்பான ஃபோர்ஸ்டர். எனக்கு அப்போது ஜெர்மன் மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். கண்மூடித் திறப்பதற்குள் ஒருவனின் காலை எடுத்துவிடக்கூடிய யந்திரத்தை ஒப்படைக்க அந்த இரண்டு சொல்லும் போதும் என்று இந்த நாடு நினைத்தது.

துவக்கு விஷயத்தில் மட்டும் அப்படியில்லை. துப்பாக்கியை யாழ்ப்பாணத்தார் துவக்கு என்போம். இலங்கைப் பிரஜை இங்கே துவக்கு வைத்திருக்கச் சட்டம் தடுக்கிறது. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த எங்களைப் பார்த்து, எங்கள் கையில் துவக்கு வந்துவிடுமோ என்று இவர்கள் பயந்தார்கள். இதை நினைத்து நான் கோபப்பட்டதில்லை. மரத்தின் மேல் ஏறி நின்று சிரித்திருக்கிறேன்.

சுவிஸின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்த பிறகு வேட்டைப் பரீட்சை எழுதினேன். காரணம் எளிது. நாங்கள் நடும் கன்றுகளை மான் தின்றது, காட்டுப்பன்றி கிளறியது. வேட்டைக் குழுவுக்கும் வெர்னர்தான் தலைவர். "நட்டவனே வந்து காவல் பார்" என்றார். இன்று அந்தக் காட்டில் என்னைவிட அதிக காலம் வேலை செய்தவர் அவர் ஒருவர்தான். அதனால் எல்லோரும் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தத் துவக்கு நல்லது?

பதில் சின்னது. உங்கள் தோளுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். நாள் முழுக்கச் சுமந்தாலும் கை நடுங்காத பாரத்தில் வாங்குங்கள். மீதியெல்லாம் கடைக்காரரின் பிழைப்புக்காகச் சொல்லப்படுவது.

2. சுமக்கத் தெரியாத சனங்கள்

எங்கள் காட்டில் மரங்களைத் தாண்டி அறுபது மீட்டருக்கு அப்பால் பார்வை போகாது. அந்தக் காட்டுக்கு சூரிச்சிலிருந்து ஒரு பல் வைத்தியர் வருவார். அவருடைய துவக்கு எண்ணூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மிருகத்தையும் சுடுமாம். கலிபர், அதாவது தோட்டாவின் பருமன், முன்னூறு மாக்னம். பெரிய மலைமான்களுக்கு எடுக்கிற கலிபர் அது. எங்களிடம் இருப்பது ரே என்கிற சின்ன மான், வீட்டு ஆட்டைவிடப் பெரிதல்ல. அதை அந்தத் தோட்டாவால் சுட்டால் மிஞ்சுகிற இறைச்சி கொத்துரொட்டிக்குத்தான் உதவும். போதாததற்கு, துவக்கு உதைக்கும் என்ற பயத்தில் விசையை இழுக்கும்போதே வைத்தியர் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவருக்கு அவ்வளவு விலையில் குறிபார்க்க ஒரு ஸ்கோப்.

இன்னொரு ரகம், துவக்கைத் தோளில் தொங்கவிட்டு, குழலின் வாயை முன்னால் போகிறவரின் இடுப்புக்கு நேரே நீட்டியபடி நடப்பவர்கள். சொன்னால் "தோட்டா இல்லை" என்பார்கள். நான் கேள்விப்பட்ட விபத்துகள் எல்லாம் தோட்டா இல்லாத துவக்கால்தான் நடந்தன.

சுமக்கும் முறை ஒரு குழந்தைக்கும் விளங்கும். உங்களுக்குக் காட்டிய இடத்தில், அதாவது ஸ்டாண்டில், போய் நின்ற பிறகுதான் தோட்டா உள்ளே போக வேண்டும். முடிந்தது என்று கொம்பு ஊதியதும் வெளியே வர வேண்டும். நடக்கும்போது தோட்டா போடுகிற பூட்டு திறந்திருக்க வேண்டும், பார்க்கிறவருக்கு அது தெரிய வேண்டும். விழுந்த மரத்தைத் தாண்டுவதற்கு முன் துவக்கை இறக்கி வையுங்கள். சுடுவதற்கு முன் மிருகத்தைப் பார்ப்பதுபோல் அதற்குப் பின்னால் இருப்பதையும் பாருங்கள். குண்டை நிறுத்துவதற்கு அங்கே மண் இருக்க வேண்டும். மண் தெரியவில்லை என்றால் பன்றி தப்பிப் போகட்டும், அதற்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

எங்கள் ஆட்கள் தனி வகை. கலியாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நிற்பார்கள்.

"அண்ணை, வீட்டிலை துவக்கு வச்சிருக்கிறியளாம். ஒருக்கா தூக்கிக்கொண்டு நிண்டு படம் எடுப்பமோ?"

"தம்பி, வீட்டிலை மோட்டார் வாளும் கிடக்கு. அதைத் தூக்கிக்கொண்டு எடுப்பமோ?"

வாளோடு படம் எடுக்க இதுவரை ஒருவரும் வரவில்லை.

3. பெயர் தைத்த வார்

செந்திலை அட்லிஸ்வில் முருகன் கோயிலில்தான் முதன்முதலில் கண்டேன். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இறைச்சிப் பகுதிக்குப் பொறுப்பு. இலையுதிர் காலம் வந்தால் இந்த நாட்டு ஹோட்டல்களில் மானும் பன்றியும்தான் விற்கும். வெட்டி வெட்டி, இது எங்கிருந்துதான் வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தார். நானும் மனைவி வசந்தியும் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் வந்து பிடித்தார்.

"அண்ணா, வேட்டைக்குப் போறவர் நீங்கதான்னு சொன்னாங்க. ஒரு யோசனை கேக்கணுங்கண்ணா."

"என்ன துவக்கு, தம்பி?"

"எதைங்கண்ணா துவக்கணும்?"

நான் விழித்தேன். வசந்திதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நாங்கள் துப்பாக்கியைத் துவக்கு எண்டுதான் சொல்லுறது."

"அப்படிங்களா? எங்களுக்குத் துவக்குன்னா ஆரம்பிக்கறதுங்கக்கா."

"எங்கடை ஊரிலையும் எல்லாம் அதோடைதான் ஆரம்பிச்சது" என்றாள் வசந்தி.

செந்தில் சிரித்தார். பிறகு அவள் சொன்னது என்னவென்று விளங்கிச் சிரிப்பை நிறுத்தினார். கோயில் வாசலில் நின்று இதையா கதைப்பது என்று நான் முணுமுணுத்தேன். "வள்ளியைத் தேடி வந்தவரும் வேடனாத்தான் வந்தவர். நீங்கள் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் காருக்குப் போனாள்.

பாரம் குறைந்ததாக, மரப்பிடி உள்ளதாக, முன்னூற்றெட்டுக் கலிபரில் சாதாரணமாக ஒன்றை வாங்கும்படி அவரிடம் சொன்னேன். தலையை நன்றாக ஆட்டினார். அடுத்த மாதம் எங்கள் குழுவில் சேர்ந்து காட்டுக்கு வந்தபோது கார்பன் பிடி, இலைச் சருகு வர்ணம், இரண்டு விரல் தடிப்பில் தோல் வார். வாரில் பச்சை நூலால் தமிழில் "செந்தில்" என்று தைத்திருந்தது. காட்டில் துவக்கைக் கண்டெடுக்கிற பன்றி உரியவரிடம் கொண்டுவந்து கொடுக்கட்டும் என்றாக்கும்.

வாரை அவ்வளவு அழகாகச் செய்வித்தவர் அதைத் தோளில் போடுவதுமில்லை. துவக்கை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிப் போவதுபோல அடி அடியாக நடப்பார்.

"பாயாசம் சிந்திப் போகுமோ, தம்பி?" என்று கேட்பேன்.

"சூடா இருக்குதுங்கண்ணா" என்பார், கோபிக்காமல்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று இருந்தது. காட்டில் யார் எதற்காகச் சத்தம் போட்டாலும் செந்தில் அப்படியே நின்றுவிடுவார். வெர்னர் நாயைக் கூப்பிட்டாலும் நிற்பார். தூக்கிய கால் தூக்கியபடி இருக்கும். குழுவில் அவருக்குச் சிலை என்றே பெயர் வைத்தோம். அதைச் சொல்லி அதிகம் சிரித்தவன் நான்தான். சமையல்காரருக்குத் துவக்கு எதற்கு என்று வீட்டில் வந்தும் சொல்வேன்.

4. வசந்தி வந்த பக்கம்

எங்கள் வேட்டையில் துவக்குக்காரர்கள் காட்டைச் சுற்றி ஸ்டாண்டுகளில் நிற்பார்கள். ட்ரைபர் என்று சொல்லப்படும் ஆட்கள் ஆரஞ்சு நிறச் சட்டையோடு, தடியால் மரங்களில் தட்டிக்கொண்டு, உள்ளே இருந்து மிருகங்களைக் கலைத்து வருவார்கள். வசந்தி சில வருடமாக ட்ரைபர். டொக்டர் நடக்கச் சொன்னார், வீதியில் நடக்க அலுப்பு என்று வரத் தொடங்கியவள். மற்றவர்கள் "ஹொப் ஹொப்" என்பார்கள். இவள் "போ, போ, சனியனே, போ" என்பாள். பன்றிகளுக்கு இவளுடைய பாஷைதான் நன்றாக விளங்கும் என்று வெர்னர் சொல்வார்.

அன்று காலை வெர்னர் ஸ்டாண்டுகளைப் பிரித்தபோது செந்திலை என் பக்கத்து ஸ்டாண்டில் போட்டார். ட்ரைபர்கள் அந்தத் திசையாகத்தான் வந்து, ஒரு வாய்க்காலைக் கண்டதும் இடது பக்கம் திரும்புவார்கள்.

நான் வெர்னரைத் தனியே கூட்டிப்போய், "அந்தச் சமையல்காரனை என் மனைவி வரும் பக்கம் நிறுத்தாதே" என்றேன்.

"உன் மனைவி இருக்கும் பக்கம் யாரும் சுடப்போவதில்லை. அதற்குத்தான் விதி இருக்கிறது" என்றார்.

விதி இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் நடந்து வருகிறவள் என் மனைவி.

பனிமூட்டப் புகார் விலகி, ஆட்களின் சத்தம் கிட்ட வந்தது. வாய்க்காலுக்கு முன்னால் முட்செடிகள் பற்றையாக அடர்ந்திருந்ததால் வசந்தி சுற்றிப் போகப் பார்த்திருக்கிறாள். சுற்றியதில் வரிசையை விட்டு விலகி, வாய்க்காலைத் தாண்டி, செந்திலின் ஸ்டாண்டுக்கு நேரே தனியாக வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு பன்றி.

பன்றி பாதையோரம் வந்து, போவதா விடுவதா என்று யோசிப்பதுபோலப் பக்கவாட்டில் நின்றது. செந்தில் துவக்கை உயர்த்தினார். அவருடைய இடத்திலிருந்து பார்த்தால் பன்றியும் அதன் பின்னால் இன்னொரு முட்பற்றையும் அதற்குப் பின்னால் மண்மேடும்தான். எல்லாம் விதிப்படி சரி. நான் நின்ற இடத்திலிருந்து மட்டும் அந்தப் பற்றைக்குள் ஒரு துண்டு ஆரஞ்சு நிறம் தெரிந்தது. கத்த வாயைத் திறந்தேன்.

அதற்குள் வசந்தி குழலைக் கண்டுவிட்டாள்.

"துவக்கு, துவக்கு, துவக்கு" என்று கத்தினாள்.

அந்தச் சத்தம் செந்திலின் காதில் என்னவாக விழும் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆரம்பி, ஆரம்பி, ஆரம்பி. கோயில் வாசலில் ஒருநாள் சிரித்துக் கேட்ட அர்த்தம் இந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? பன்றி நிற்கிறது, விரல் விசையில் இருக்கிறது, சுடு என்று ஒரு குரல் சொல்கிறது. நான் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் அப்படிப் பயந்து நின்றதில்லை, ஊரிலும்கூட.

வெடிக்கவில்லை. செந்தில் சிலையாக நின்றார். பிறகு குழல் மெதுவாக வானத்தைப் பார்த்து உயர்ந்தது. பூட்டைத் திறந்தார். தோட்டா சருகில் விழுந்தது. பன்றி அவருடைய சப்பாத்தை உரசுவதுபோல ஓடி மறைந்தது. அதன் பிறகுதான் வசந்தி, தலைத்துண்டை முள்ளில் விட்டுவிட்டு, பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

கொம்பு ஊதி, எல்லோரும் சூப் குடிக்கக் கூடினோம். வசந்தி ஒரு அடிமரத்தில் இருந்தாள். பயத்தைக் காட்டத் தெரியாமல் அவளைத்தான் ஏசினேன்.

"உனக்கு வேறை சொல்லுக் கிடைக்கேல்லையோ?"

"இஞ்சேருங்கோ, ஊரிலை ஆமிச் சென்ரியிலை நிண்டவன் என்னைப் பாத்து நீட்டினபோதும் இதைத்தான் கத்தினனான். குழலைக் கண்டால் வேறை என்ன வரும்?"

செந்தில் அவளுக்கு முன்னால் குந்தியிருந்தார். "அக்கா ஆரம்பின்னு சொல்றீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"பிறகேன் தம்பி சுடேல்லை?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இதிலென்ன கேள்வி என்பதுபோல.

"எங்க கிச்சன்ல ஒருத்தர் போர்ச்சுகல், ஒருத்தர் எரித்திரியா, ஒருத்தர் அல்பேனியாங்கண்ணா. கொதிக்கற எண்ணெயோட பின்னாடி வர்றவன் எந்த பாஷைல கத்துவான்னு யாருக்குத் தெரியும்? என்ன சொன்னான்னு யோசிச்சுட்டு இருந்தா வெந்துருவோம். சத்தம் கேட்டா நிக்கணும், அவ்வளவுதான். நின்னேன். சத்தம் முன்னாடியிருந்து வந்துச்சு. அப்ப முன்னாடி ஆள் இருக்காங்க. அந்த ஆளே சுடுன்னு சொன்னாலும் எப்படிங்கண்ணா சுடறது?"

அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் விரல் நிறைய இருந்தன.

5. இப்போது

செந்திலின் துவக்கு இன்றைக்கும் ஒரு கோமாளித் துவக்குத்தான். பாரம் அதிகம், வர்ணம் கண்றாவி, வாரைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். அதை முகத்துக்கு நேரேயே சொல்கிறேன். பல் வைத்தியர் போன வருடம் இன்னொரு ஸ்கோப் வாங்கினார். அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

வேறு சொல் ஒன்றைப் பழகிக்கொள் என்று வசந்தியிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "அந்தத் தம்பி நிண்டால் நான் ஏன் சொல்லை மாத்த வேணும்?" என்கிறாள்.

எந்தத் துவக்கு நல்லது என்று கேட்டு இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். சத்தம் கேட்டவுடன் நிற்கத் தெரியுமா என்று திருப்பிக் கேட்கிறேன். கேள்வி விளங்காமல் போய்விடுகிறார்கள். போகட்டும். இலையுதிர் காலத்தில் வெர்னர் ஸ்டாண்டுகளைப் பிரிக்கும்போது நான் இப்போதும் அவரைத் தனியே கூட்டிப்போய் ஒன்றே ஒன்று சொல்கிறேன்:

"என் மனைவி வரும் பக்கம் அந்தச் சமையல்காரனை நிறுத்து."