வேலைக்கு என்ன சொல்லித் தேடுவீர்கள்?

மலர்விழியால் தனக்குக் கிடைத்த வேலையை அம்மாவுக்கு விளங்கச் சொல்ல முடியவில்லை.

"ஆள் தேவைன்னு எழுதணும்மா."

"அத எழுத ஒரு ஆளா?" என்று கேட்டுவிட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

சங்கராபுரத்திலிருந்து தினமும் பேருந்தேறி மலர்விழி கள்ளக்குறிச்சிக்கு வருவாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் இருந்தது அலுவலகம். சுற்றுவட்டாரத்து ஆலைகளுக்கும் கடைகளுக்கும் ஆள் பிடித்துத் தருவது அதன் முதலாளி பிச்சைமுத்துவின் தொழில். ஒரு காலத்தில் மின்கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டியவர். இப்போது அவருக்கு ஓர் இணையதளம் இருந்தது. வேலை தேடி யாராவது போனைத் தட்டினால், அந்தத் தளத்தின் விளம்பரம் மேலே வந்து நிற்க வேண்டும். அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் அதை எழுதியதும் ஒன்றுதான், எழுதாததும் ஒன்றுதான்.

"வேலைன்ற வார்த்தைய ஜாஸ்தி போடு மலரு. வரிக்கு ரெண்டு வாட்டி போடு. தன்னால மேல வரும்," என்றார் பிச்சைமுத்து.

போட்டாள். படிக்கவே கூச்சமாக இருந்தது. கொஞ்ச நாளில் அந்த விளம்பரம் முன்பு இருந்த இடத்தையும் விட்டுக் கீழே இறங்கியது. வேலை தேடுகிறவர்கள் உண்மையில் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக யோசித்தாள். அது தனக்குத் துளியும் தெரியாது என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அதன்பிறகு பேருந்தில் பக்கத்தில் உட்காருகிற எவரையும் அவள் விட்டதில்லை. நர்சிங் படித்த சந்தியா ஆங்கிலத்தில் தேடுவாள். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். கள்ளக்குறிச்சி என்ற பெயரையே ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். கரும்பு வெட்டப் போகும் சாலம்மாள் எழுதுவதே இல்லை. போனின் மைக்கை அழுத்திப் பேசிவிடுவாள்.

"இன்னான்னு பேசுவீங்க?"

"கரும்பு வெட்டு இல்லாத நாள்ல எனக்கு இன்னா வேலை இருக்குதுன்னு கேப்பேன்."

"அது இன்னா சொல்லுது?"

"கரும்பு ஜூஸ் போடறத காட்டுது," என்றாள் சாலம்மாள், அதில் குறையொன்றும் இல்லாதவள் போல.

இப்படி இருக்கும்போதுதான் வடக்கனந்தல் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த கண்ணாயிரம் வந்தார். புதிதாக வாங்கிய மிஷினை ஓட்ட ஆள் வேண்டும். 'புரொடக்ஷன் எக்ஸிகியூட்டிவ் தேவை' என்று எழுதச் சொன்னார். சென்னையில் இருக்கும் மருமகன் சொன்ன பெயர் அது. எழுதினார்கள். ஒரு போன்கூட வரவில்லை.

மலர்விழி கிளம்பி ஆலைக்கே போனாள். புது மிஷின் அரிசியைக் கேமரா வைத்துப் பார்த்து, கறுப்பு அரிசி வந்தால் காற்றால் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேள்விகளை ஆரம்பித்தாள். ஷிப்டு எத்தனை மணிக்கு முடியும், அந்த நேரத்துக்கு பஸ் உண்டா, தங்க இடம் உண்டா, குடும்பத்தோடு தங்கலாமா, சம்பளம் எவ்வளவு.

"இதெல்லாம் எதுக்கும்மா? ஆள் வந்தா நேர்ல சொல்லிக்கலாம்," என்றார் கண்ணாயிரம்.

"இது தெரியாமத்தாங்க வர மாட்டேன்றாங்க."

'அரிசி ஆலை மிஷின் ஆபரேட்டர் வேலை, வடக்கனந்தல், தங்கும் இடம் உண்டு' என்று தலைப்பு வைத்தாள். கீழே சம்பளத்தையும் நேரத்தையும் மறைக்காமல் எழுதினாள். ஆலையின் முகப்புப் படத்தைப் பெரிதாகப் போட வேண்டும் என்று கண்ணாயிரம் பிடிவாதம் பிடித்ததால் அதையும் போட்டாள். விளம்பரம் மெல்ல ஏறி, ஒரு நாள் எல்லாவற்றுக்கும் மேலே வந்து நின்றது. போன்கள் வரத் தொடங்கின.

வந்த போன்கள்தான் அவளைக் குழப்பின. ஒன்று திருப்பூரிலிருந்து, ஒன்று பெங்களூரிலிருந்து, இன்னொன்று கேரளாவிலிருந்து. வடக்கனந்தலைச் சுற்றி இருப்பவர்கள் அபூர்வமாகத்தான் பேசினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த தமிழழகன் என்பவனிடம் கேட்டே விட்டாள்.

"அங்க வேலை பாத்துக்கினு இங்க எதுக்குத் தேடுறீங்க?"

"வேலைக்குன்னு இல்லக்கா. ஞாயித்துக்கெழம ரூம்ல படுத்துக்கினு ஊர் பேர அடிச்சுப் பாப்போம். இன்னா வந்துக்குதுன்னு பாக்கறது. இது வந்துச்சு."

போனை வைத்த பிறகும் அவள் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கெங்கோ அறைகளில் படுத்திருக்கும் மனிதர்கள் தங்கள் ஊர்ப் பெயரை அடித்துப் பார்க்கிறார்கள். அங்கே தான் எழுதிய நாலு வரி போய் நிற்கிறது.

தமிழழகனும் இன்னும் சிலரும் ஆலையில் சேர்ந்தார்கள். கண்ணாயிரத்துக்கு ஆள் போதும். பிச்சைமுத்துவுக்கு மட்டும் விளம்பரத்தை எடுக்க மனமில்லை.

"இருக்கட்டும் மலரு. முதல்ல வருது இல்ல? நம்ம பேரு நாலு பேருக்குத் தெரியும்."

அவளுக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை.

ஒரு காலையில் அலுவலகத்தின் படியேறி ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள். கையில் பெரிய பைகள். பேருந்தில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. இருசப்பன், பச்சையம்மாள். கல்வராயன் மலைக்காரர்கள். குடகில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். விளம்பரத்தைப் பார்த்துக் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா," என்றாள் மலர்விழி.

"போன்ல கேட்டா ஆள் வேணாம்னுடுவாங்க. நேர்ல வந்தா மூஞ்ச பாத்துக் குடுப்பாங்கன்னுதான் வந்தோம்," என்றாள் பச்சையம்மாள்.

மலர்விழி ஆலைக்குப் பேசிப் பார்த்தாள். இடமில்லை. இன்னும் இரண்டு மூன்று இடங்களில் கேட்டாள், இல்லை. இருசப்பன் பைகளைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் முன்னாலேயே அவள் அந்த விளம்பரத்தைத் தளத்திலிருந்து நீக்கினாள். பிச்சைமுத்து பார்த்தார், தடுக்கவில்லை.

ஆள் தேடுகிற முதலாளிகளும் போனில்தானே தேடுவார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இதுவரை வேலையைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். ஆளைப் பற்றி எழுதினால் என்ன?

"அண்ணனுக்கு இன்னா வேலை தெரியும்?"

"காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கற மிஷின் ஓட்டுவாரு. ரிப்பேரும் பாப்பாரு," என்ற பச்சையம்மாள், கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "குடிக்க மாட்டாரு. அதையும் எழுதும்மா."

"அத எதுக்கு எழுதிக்கினு?" என்றார் இருசப்பன்.

"எழுதட்டும். நீ சும்மா இரு."

அவள் சொல்லச் சொல்ல மலர்விழி எழுதினாள். மிஷின் ஓட்டத் தெரிந்தவர், குடிப்பழக்கம் இல்லாதவர், கணவன் மனைவி இருவரும் தங்கி வேலை செய்யத் தயார். இருவருக்கும் அதைப் படித்துக் காட்டித் தளத்தில் ஏற்றினாள். அவர்கள் மத்தியானப் பேருந்தில் மலைக்குப் போனார்கள்.

அந்த வாரமே சின்னசேலம் பக்கத்திலிருந்து ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அவரிடமும் அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க இன்னான்னு சார் தேடுனீங்க?"

"'மிஷின் ஓட்ட குடிக்காத ஆளு வேணும்'னு போன்ல பேசுனேம்மா. இதுக்கு முன்னாடி இருந்தவன் பாதி நாளு வரல."

இருசப்பனின் போன் கிடைக்கவில்லை. எத்தனை முறை அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே பதில் வந்தது. ஆலைக்காரர் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மலர்விழி, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரை போகும் பேருந்தில் ஏறினாள். அவள் அதுவரை மலைக்குப் போனதில்லை.

இறங்கிய இடத்திலிருந்து அவர்கள் ஊருக்கு நடக்க வேண்டியிருந்தது. வழியில் ஒரு வளைவில் நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். அங்கே மட்டும்தான் சிக்னல் வரும். அபிநயா என்ற பெண் வேலை விளம்பரங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். மலர்விழி தன் தளத்தின் பெயரைச் சொல்லித் திறக்கச் சொன்னாள்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெரிய பெரிய படங்கள் வருவதற்குள் சிக்னல் போய்விட்டது.

"இது எப்பவும் தொறக்காதுக்கா," என்றாள் அபிநயா சாதாரணமாக. "நாங்க இத வுட்டுட்டு அடுத்ததுக்குப் போய்க்கினே இருப்போம்."

மேலே வர வேண்டும் என்று அத்தனை பாடுபட்டும், மலைமேல் ஒருவருக்கும் தன் எழுத்து கண்ணில் பட்டதே இல்லை. மலர்விழிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வட்டம் சுற்றுவதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போலிருந்தது. மறுபடி திறக்கச் சொல்லி, எந்த இடத்தில் நிற்கிறது என்று உற்றுப் பார்த்தாள்.

பச்சையம்மாள் சாமைக் கொல்லையில் இருந்தாள். சேதியைக் கேட்டதும் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"இதச் சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்த?"

"போன் கெடைக்கலக்கா."

"அவரு நாளைக்கே வரட்டும். நான் சாமை அறுத்துட்டு வரேன். போட்டுட்டு வந்தா குருவி தின்னுடும்."

இருசப்பன் மறுநாளே ஜவ்வரிசி ஆலையில் சேர்ந்தார். அறுவடை முடிந்ததும் பச்சையம்மாளும் போய்ச் சேர்ந்தாள். அங்கே தங்கக் கொடுத்த அறை ஒழுகுகிறது என்று ஒரு முறை போனில் குறைப்பட்டாள். வேலையைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

மலையிலிருந்து திரும்பிய வாரத்தில் மலர்விழி தளத்திலிருந்த பெரிய படங்களை எல்லாம் எடுத்தாள். அடுத்த விளம்பரம் கொடுக்க வந்த கண்ணாயிரம் கோபப்பட்டார். வெறும் எழுத்தாக இருந்தால் யார் மதிப்பார்கள் என்று கேட்டார். பிச்சைமுத்து தேநீர் வாங்கிக் கொடுத்து அவரைச் சமாதானப்படுத்தினார். எல்லா விளம்பரத்திலும் கடைசித் தேதி ஏறியது. தேதி முடிந்தால் அது எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அன்றைக்கே இறங்கிவிடும்.

போன மாதம் வந்த ஓர் அழைப்பில் காற்று இரைச்சலாக இருந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"எங்கிருந்து பேசுறீங்க?"

"மலை மேலருந்துங்க. தையல் வேலைன்னு போட்டிருக்குதே, அதப் பாத்தேன்."

அந்த விளம்பரத்துக்கு இன்னும் நாள் இருந்தது. மலர்விழி விவரம் சொன்னாள். பிறகு, சிக்னல் போவதற்குள் அவசரமாகக் கேட்டாள்.

"நீங்க இன்னான்னு தேடுனீங்க?"