மூன்று முறை மாற்றிய ஆயில் சீல்

எங்கள் ஆபீஸ் ஜீப்பை நீங்கள் இருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூரில் நம் தெரு முனையில் அதை நிறுத்தியிருப்பேன். சின்னவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே வண்டி ஓட்டுவாள். பெரியவன் கித்தான் கூரைமேல் ஏறப் பார்த்து அம்மாவிடம் திட்டு வாங்குவான். அந்த ஜீப்பால் ஒரு நல்ல மனிதரின் பெயரை நான் கெடுத்துவிட்டேன். அது உங்களுக்குத் தெரியாது. எட்டாவது வரைதான் படித்தவன், கோர்வையாக எழுத வராது. வருகிற மாதிரி எழுதுகிறேன்.

அப்போது அடையாறில் மண் பரிசோதனை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் டிரைவர். கட்டடம் கட்டப்போகிற இடத்தில் துளை போட்டு மண் எடுத்து வருவார்கள். திருவான்மியூரைத் தாண்டினால் அன்றைக்குச் சவுக்குத் தோப்பும் மணலும்தான். மற்ற வண்டிகள் அச்சு வரை புதைந்து நிற்கும். நம் ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னும் இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். முனகிக்கொண்டே மணலில் ஏறிவிடும். எனக்குக் கர்வம் தாங்காது. எஞ்சினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தருகிற இரும்புப் பெட்டிக்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். வண்டியின் நடுவில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கும். உள்ளே கியர் ஆயில்.

ஒரு வருடம் தீபாவளிக்குச் சற்று முன்னால் அந்தப் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. முதலில் ஆபீஸ் போர்டிகோவில் காலையில் ஒரு சொட்டு. ஒரு வாரத்தில் தோசைக்கல் அகலத்துக்குக் கறை.

எங்கள் ஆபீஸ் வண்டிகளை எல்லாம் பார்த்தவர் தி.நகரில் ஒரு சந்துக்குள் தகர ஷெட் வைத்திருந்த மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் பாய். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சீலு பூட்சி நைனா. பின்னாடி ஷாப்டு வெளிய வர்ற எடத்துல ரப்பர் வளையம் ஒண்ணு கீது. மாத்திட்டா நின்னுடும்."

மாற்றினார். நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் மறுபடி சொட்டு. தரைத்தகட்டையும் கழற்றிப் பார்த்து, இன்னொரு சீல் போட்டார். அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை.

திரும்பப் போனபோது ஷெட்டில் நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பாய், நெஜமா சொல்லுங்க. ஒரிஜினல் சீல்தான் போட்டீங்களா, இல்ல டூப்ளிகேட்டா?"

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இத்தினி வருசமா வர்ற. இன்னா கேள்வி நைனா இது?"

"சொட்டுதே பாய்!"

"அதான் கேட்டுட்டியே. இனிமே நான் இன்னா சொல்லி இன்னா?"

"பாயே டூப்ளிகேட் ஆயிட்டாரு மச்சி" என்று ஒரு டிரைவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

அதோடு விட்டேனா? மேனேஜரிடம் போய், "பாய் போடற சரக்கு சரியில்ல சார்" என்றேன். "அப்போ இனிமே அங்க போகாதே. எல்லா வண்டியையும் ஆழ்வார்பேட்டை ஒர்க்‌ஷாப்லயே விட்டுடு" என்றார் அவர். பாய் ஷெட்டுக்கு நிலையாக வந்துகொண்டிருந்த வேலை எங்கள் ஆபீஸ் வேலைதான். அது தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆழ்வார்பேட்டையில் என் கண்ணெதிரே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புது சீல் போட்டார்கள். ஆறாம் நாள் காலை போர்டிகோவில் குனிந்து பார்த்தேன். சொட்டு! அப்படியானால் பாய் போட்டதும் நல்ல சீல்தானே?

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே தரைத்தகட்டைக் கழற்றினேன். போல்ட்டுகளைச் சாப்பாட்டு டப்பா மூடியில் போட்டுக்கொண்டு நீங்கள் இருவரும் முன் சீட்டில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தீர்கள்.

"அப்பா, இதுக்கு யாருப்பா பொட்டு வெச்சது?" என்றாள் சின்னவள்.

பெட்டியின் தலைமேல் தொப்பி மாதிரி ஒரு சின்னக் குமிழ். அதன்மேல் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம். நான்தான் வைத்தேன். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஜீப்பைக் கழுவியபோது, நம்மை மணலிலிருந்து இழுத்து வருகிற பெட்டிக்கும் வைப்போம் என்று தகட்டைத் திறந்து, கட்டை விரலால் தாராளமாக அப்பியிருந்தேன். சுரண்டிப் பார்த்தால் தொப்பியின் விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை. அது நிறையச் சந்தனம்.

குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தி.நகருக்குப் பஸ் ஏறினேன். பாய்க்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குமிழை நீட்டினேன். வாங்கித் துடைத்து, வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிர காற்று போகவில்லை. இருமல் வருகிற வரை சிரித்தார்.

"பிரீத்தர் நைனா இது. பொட்டிக்கு மூக்கு. வண்டி ஓடி ஆயிலு சூடாச்சுன்னா உள்ள காத்து உப்பிக்கும். இது வழியா வெளிய பூடும். நீ மூக்க அடச்சிட்ட. அது சீலு வழியா மூச்சு வுடுது, ஆயிலயும் தள்ளிக்கினு!"

"நீங்களும் தகட்டக் கழட்டினீங்களே பாய், பாக்கலியா?"

சிரிப்பு நின்றது. "பாத்தேன். பொட்டு வெச்சிருந்திச்சி. நீ சாமி கும்புட்டு வெச்சது. கிரீஸு கையால அத்த அழிக்க மனசு வர்ல. அதும்மேல கை படாம வேல செஞ்சேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிடறேன் பாய்."

"வேணா. ஆபீஸே உன்னப் பாத்துச் சிரிக்கும். புள்ளக்குட்டிக்காரன், வுடு."

இரவெல்லாம் புரண்டுவிட்டு, மறுநாள் சொன்னேன். மேனேஜர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சந்தனத்தை நீ அப்பிட்டு, பழியை அந்த மனுஷர் மேல போட்டுண்டு திரிஞ்சியா?"

"ஆமா சார்."

"அவரை யார் முன்னாடி கேட்டே?"

"நாலஞ்சு டிரைவர் இருந்தாங்க சார்."

"அவா முன்னாடியே போய்ச் சொல்லு. வண்டியெல்லாம் பழையபடி அங்கயே போகட்டும்."

ஓட்டையைச் சுத்தம் செய்து குமிழை மாட்டிய பிறகு ஜீப் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆபீஸ் சிரிக்கத்தான் செய்தது. ஒரு மாதம் எனக்குப் பெயரே சந்தனம்.

பிரேக் பார்க்க வேண்டிய வேனை எடுத்துக்கொண்டு, டீ நேரம் பார்த்து ஷெட்டுக்குப் போனேன். அதே டிரைவர்கள். பாய் ஒரு டாக்ஸிக்கு அடியில். கால்கள் மட்டும் தெரிந்தன.

"அன்னிக்கு நான் பாயக் கேட்டது தப்பு. அவரு போட்டது ஒரிஜினல் சீல்தான். ஓட்டைய அடச்சது நான்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"அப்ப டூப்ளிகேட்டு நீதானா?" என்றான் அன்று கேலி செய்தவன். எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்ஸிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது.

"பேசிக்கினே நின்னா வேனு பிரேக்க யாரு பாக்கறது? மொதல்ல இத்த முடிக்கறேன். அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடு நைனா."

எடுத்துக் கொடுத்தேன்.